நெய் சேர்க்காத லேகியம்

மகள் பிறந்த ஒன்பதாம் நாள் காலையில் அம்மா பிரசவ லேகியம் கிண்டினாள். தலைப்பிரசவம் என்பதால் பாளையங்கோட்டையில் அம்மா வீட்டில்தான் இருந்தேன். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சித்தரத்தை எல்லாவற்றையும் வறுத்து இடித்துச் சலித்து, கருப்பட்டிப் பாகில் கொட்டிக் கிளறும்போது எழும் காரமான வாசனை நான் படுத்திருந்த அறைவரை வந்தது. பாகு சுருண்டு வரும் நேரத்தில் நெய் ஊற்ற வேண்டும். இறக்கி ஆறியதும் தேன். அதுதான் எங்கள் வீட்டுக் கைப்பக்குவம். அம்மா நெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அறை வாசலுக்கே வந்துவிட்டாள்.

"ஏட்டி, பச்ச ஒடம்பு. இந்த ஒரு மாசம் மட்டும் சேத்துக்கிட்டா என்ன?"

நான் பால், தயிர், நெய், தேன் எல்லாம் விட்டு அப்போது நான்கு வருடம் ஆகியிருந்தது. வீகன் என்று சொல்கிறோமே, தமிழில் நனிசைவம் என்று எழுதுகிறார்கள், அதுதான். எங்கள் வீடு தலைமுறைகளாகச் சைவம். ஆனால் பாலும் நெய்யும் இல்லாத சைவம் அம்மாவுக்குப் பிடிபடவே இல்லை. வருடத்துக்கு இரண்டு தடவை வந்து போகும் மகள் கருப்பட்டிக் காப்பியைப் பால் விடாமல் குடித்துவிட்டுப் போனால் அது அவள் இஷ்டம். பிள்ளை பெற்றவள் விஷயம் அப்படி இல்லை. அம்மாவின் முகத்தில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. அதனால்தான் வெடுக்கென்று பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கட்டிலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்த ஆச்சிதான் சொன்னாள். "நல்லெண்ணெய ஊத்துட்டி. நான் ஆறு பெத்தேன். எனக்கு எவ நெய் ஊத்துனா?"

அம்மா ஒன்றும் பேசாமல் உள்ளே போனாள். அன்று லேகியம் நல்லெண்ணெயில் இறங்கியது.

ஆச்சி சொன்னதை நான் அப்புறம் பல நாள் யோசித்தேன். பசு இருந்த வீட்டில் நெய் இருந்தது. இல்லாத வீட்டில் எள்ளை ஆட்டிய எண்ணெய்தான். நாம் காலங்காலமாக இருந்துவரும் பத்தியம் என்று நினைக்கிற பலவற்றிலும் நெய் பிற்பாடு, வசதி வந்தபோது வந்து சேர்ந்ததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த நாற்பது நாளும் நான் சாப்பிட்டதை ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரைப் பொரியல், பிஞ்சுக் கத்தரிக்காய், சுரைக்காய்க் கூட்டு, மிளகு ரசம், பருப்புத் துவையல், வெந்தயக் களி, உளுந்தங்களி. இதில் எதற்கும் மாற்றுப் பொருள் தேட வேண்டியிருக்கவில்லை. சோற்றில் நெய் விடும் இடத்தில் நல்லெண்ணெய் விட்டோம், ராத்திரிப் பாலுக்குப் பதில் வேறு ஏதாவது குடித்தேன், அவ்வளவுதான். பாதாம் பால் பாக்கெட்டோ, கடையில் விற்கும் வீகன் சீஸோ இல்லாமல் ஒரு பிள்ளைத்தாய்ச்சியும் பிறகு ஒரு பச்சை உடம்புக்காரியும் நன்றாகச் சாப்பிட முடியும். நெல்லை அடுக்களையில் அது ஏற்கெனவே இருக்கிறது. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். கூடவே, அந்த அடுக்களையில் இல்லாதது எது என்பதையும் சொல்லியாக வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் களி.

தோலோடு இருக்கும் கருப்பு உளுந்து நான்கு பங்கு, பச்சரிசி ஒரு பங்கு. தனித்தனியாக வாசம் வரும்வரை வறுத்து, மாவாகத் திரித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு டம்ளர் மாவுக்கு ஒன்றரை டம்ளர் தட்டிய கருப்பட்டி. உடன்குடிக் கருப்பட்டி கிடைத்தால் வேறு யோசனையே வேண்டாம். கருப்பட்டியை இரண்டரை டம்ளர் தண்ணீரில் கரைய விட்டு வடிகட்டினால் அடியில் மண் நிற்கும், அதைத் தள்ளிவிடலாம். வடித்த தண்ணீர் ஆறியதும் மாவைக் கட்டியில்லாமல் கரைத்து, அடி கனத்த சட்டியில் ஏற்றிக் கிண்ட ஆரம்பிக்க வேண்டும். முதல் ஐந்து நிமிடம் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். பிறகு சட்டென்று இறுகும். கரண்டி கனக்கும். அப்போது நல்லெண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும், மொத்தம் கால் டம்ளராவது. களி முதலில் எண்ணெயைக் குடிக்கும், வெந்ததும் கக்கும். கையை நனைத்துத் தொட்டால் ஒட்டக் கூடாது. அந்த நேரத்தில் அதற்கு ஒரு மினுமினுப்பு வரும், நாவல்பழத் தோல் மாதிரி. உருட்டித் தட்டில் வைத்து, நடுவில் கட்டைவிரலால் ஒரு குழி பறித்து, அதில் இன்னும் ஒரு கரண்டி நல்லெண்ணெய்.

பிரசவம் முடிந்த இடுப்புக்கு அது என்ன செய்கிறது என்று அளந்து சொல்ல எனக்குத் தெரியாது. பருப்பும் எண்ணெயும் கருப்பட்டியும் சேர்ந்த ஒரு உருண்டை, ராத்திரி நாலு தடவை எழுந்த உடம்பில் இறங்கும்போது கண் திறப்பது எனக்குத் தெரியும். அந்த நாட்களில் வேறு எதுவும் எனக்கு அப்படி ஆறுதலாக இருந்ததில்லை.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "பால் குடிக்காம எப்படிப் பால் ஊறும்?" தாய்ப்பால் ஊறுவதற்கு மாட்டுப்பால் தேவையில்லை. குழந்தை உறிஞ்ச உறிஞ்சத்தான் ஊறும். பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை வரை குடிக்கும். அதை விடாமல் கொடுத்து, தாகத்துக்குத் தண்ணீர் குடித்து, பசிக்குச் சாப்பிட்டால் பெரும்பாலான தாய்மார்களுக்கு அதுவே போதும். பூண்டும் முருங்கைக்கீரையும் நல்ல சாப்பாடு என்பதால் நானும் விரும்பிச் சாப்பிட்டேன். ஆனால் மார்பில் குழந்தையைப் போடுவதற்கு ஈடாக ஒரு கீரையும் கிடையாது என்று குழந்தை மருத்துவர் முதல் நாளே சொல்லியிருந்தார்.

மூன்றாவது வாரம் ஒரு சாயங்காலம். ஆச்சி குழந்தையை வெளித் திண்ணையில் மடியில் போட்டிருந்தாள். நான் உள்ளே தலை துவட்டிக்கொண்டிருந்தேன். குழந்தை அழுதது. அழுத சத்தம் காதில் விழுந்த சில நொடிகளில் மார்பில் சுருக்கென்று ஒரு கூச்சம், நைட்டி நனைந்துவிட்டது. நான் எதுவும் செய்யவில்லை, நினைக்கக்கூட இல்லை. குரலைக் கேட்டு உடம்பு தானாகப் பால் விட்டுவிட்டது.

நனைந்த நைட்டியோடு அப்படியே நின்றேன். சின்ன வயதில் ஆச்சி ஊரில் பார்த்த ஒன்று அப்போது கண்முன் வந்தது. பால்காரர் வீட்டுத் தொழுவத்தில் ஒரு பசு நின்றது. அதன் கன்று செத்துவிட்டது. செத்த கன்றின் தோலை உரித்து, உள்ளே வைக்கோலைத் திணித்துத் தைத்து, நாலு குச்சியில் கால் போல நிறுத்தி, கறக்கும் நேரத்தில் பசுவின் முகத்துக்கு முன்னால் கொண்டுவந்து வைப்பார்கள். தோல்கன்று என்று பெயர். பசு அதை நக்கும். நக்க நக்கப் பால் சுரக்கும். எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். ஏன் கண்ணில்லாத கன்றை அது நக்குகிறது என்று கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை.

கன்றைப் பார்த்தாலோ, முகர்ந்தாலோ, அழுகைச் சத்தம் கேட்டாலோ உடம்பில் ஆக்ஸிடோசின் சுரந்து பால் இறங்குகிறது. பசுவுக்கும் எனக்கும் அதே ஹார்மோன்தான், அதே வேலைதான். நான்கு வருடத்துக்கு முன் பாலை விட்டபோது இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டு விட்டேன். அன்று சாயங்காலம்தான் உடம்பால் தெரிந்துகொண்டேன். மாடு வளர்த்துப் பிழைக்கிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது, அந்தப் பால்காரர் நல்ல மனிதர். ஆனால் அந்தப் பாலை வாங்கிக் குடிக்க இனி என்னால் ஆகாது. இதை அம்மாவிடம் அன்று ராத்திரி சொன்னேன். தோல்கன்றை அவளும் பார்த்திருக்கிறாள். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். அதற்கப்புறம் நெய்ப் பேச்சு வீட்டில் எழவில்லை.

சரி, இப்போது அடுக்களையில் இல்லாத விஷயம். வைட்டமின் பி12.

இதில் நான் தவறு செய்திருக்கிறேன், அதனால் அழுத்திச் சொல்கிறேன். பால் பொருட்களை விட்ட முதல் இரண்டு வருடம் மாத்திரை எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. பழைய சோற்றிலேயே இருக்கிறது, நீராகாரத்தில் இருக்கிறது என்று கேள்விப்பட்டதை நம்பினேன். பிறகு எடுத்ததும் நினைவு வந்தபோதுதான். கர்ப்பத்தின் ஆறாம் மாதம் ரத்தப் பரிசோதனையில் பி12 அளவு மில்லிலிட்டருக்கு 148 பிகோகிராம் என்று வந்தது. 200-க்குக் கீழே போனாலே குறைவு. மருத்துவர் திட்டவில்லை. எதிரே உட்கார வைத்து நிதானமாக விளக்கினார். பி12-ஐ உண்டாக்குவது பாக்டீரியாக்கள்தான். செடியும் உண்டாக்காது, விலங்கும் உண்டாக்காது. தானியம், பருப்பு, கீரை, காய் எதிலும் நம்பத்தக்க அளவில் கிடையாது. பழைய சோறு குடலுக்கு நல்லது, குடிக்கலாம். பி12-க்கு அதை நம்பி உட்கார முடியாது. தாய்க்குக் குறைந்தால் தாய்ப்பாலிலும் குறையும். தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைக்கு வேறு வழி கிடையாது. குழந்தை சோர்ந்து போகலாம், ரத்தசோகை வரலாம், தலை நிற்பது, சிரிப்பது, குப்புற விழுவது எல்லாம் பின்தங்கலாம், கற்றுக்கொண்டதை இழக்கவும் செய்யலாம். நேரத்தில் கவனிக்காவிட்டால் மூளை வளர்ச்சியில் அந்தப் பாதிப்பு நிலைத்துவிடவும் கூடும்.

எனக்கு ஊசி போட்டார்கள், பிறகு தினம் ஒரு மாத்திரை. பாலூட்டும் தாய்க்கு ஒரு நாளைக்கு 2.8 மைக்ரோகிராம் தேவை என்று அமெரிக்காவில் கணக்கு வைத்திருக்கிறார்கள். மாத்திரையில் அதைவிடப் பல மடங்கு இருக்கும், ஏனென்றால் உடம்பு அதில் கொஞ்சத்தைத்தான் ஏற்கும். எவ்வளவு என்பதை அவரவர் மருத்துவர் சொல்லட்டும். எடுத்தே ஆக வேண்டும் என்பதில் மட்டும் இரண்டு பேச்சு இல்லை. நான் மாத்திரை அட்டையைப் பல் துலக்கும் பிரஷ்ஷோடு சேர்த்து வைத்திருக்கிறேன். தூக்கக் கலக்கத்தில் சாப்பாட்டைக்கூட மறந்துவிடுவேன், பல் துலக்க மறப்பதில்லை.

இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் எல்லாத் தாய்மார்களுக்கும் உள்ளதுதான். பிரசவத்துக்குப் பிறகு 180 நாள் எடுக்கச் சொல்லி அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுக்கிறார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் விழுங்கக் கூடாது, ஒன்று காலை என்றால் மற்றது மாலை. காப்பி, டீயைச் சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிப் போட்டால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பு உடம்பில் சேரும். எலுமிச்சை பிழிந்தால் இன்னும் நன்றாகச் சேரும்.

குழந்தைக்கு வைட்டமின் டி சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். முதல் வருடம் முழுக்க ஒரு நாளைக்கு 400 யூனிட். டி3 பெரும்பாலும் ஆட்டு ரோமத்தில் இருக்கும் கொழுப்பிலிருந்து எடுப்பது. லைக்கன் என்னும் பாசிக்காளானிலிருந்து எடுப்பதும் உண்டு, ஆனால் பச்சைக் குழந்தைக்கான சொட்டாக எங்களுக்குக் கிடைக்கவில்லை. மருத்துவர் எழுதியதையே கொடுத்தோம். 1944-இல் இங்கிலாந்தில் வீகன் என்ற சொல்லை உண்டாக்கிய அந்தச் சங்கமே, தன் விளக்கத்தில் முடிந்தவரையிலும் நடைமுறைக்கு ஒத்துவரும் வரையிலும் என்றுதான் சொல்கிறது. குழந்தையின் எலும்பை வைத்து என் கொள்கையைச் சோதித்துப் பார்க்க எனக்கு உரிமை இல்லை.

மூன்றாம் மாதம் கோயம்புத்தூர் வந்துவிட்டோம். அம்மா பத்து நாள் கூட இருந்துவிட்டு ஊருக்குப் போனாள். என் கணவர் எட்டரைக்கு வேலைக்குக் கிளம்பினால் திரும்ப ஏழு ஆகிவிடும். நானும் குழந்தையும் ஒரு தூளியும்தான்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இந்த மாதங்களில் சமையலின் சிக்கல் எந்தப் பொருள் என்பதில் இல்லை. கைதான் போதவில்லை. ஒரு கை எப்போதும் குழந்தைக்குப் போய்விடுகிறது. மிச்சமுள்ள ஒரு கையால் அரிசி களையலாம், குக்கரில் வைக்கலாம், கிளறலாம், கீரையை உருவலாம். வெங்காயம் நறுக்க முடியாது, தேங்காய் துருவ முடியாது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தாளிக்கக் கூடாது. கடுகு வெடித்து எண்ணெய் தெறிக்கிற இடத்துக்கு அவளைக் கொண்டு போவதே இல்லை என்று முதல் நாளே முடிவு செய்துகொண்டேன். அதனால் இரண்டு கை தேவைப்படும் வேலையெல்லாம் ராத்திரிக்குப் போயின. அவர் சாப்பிட்டு முடித்ததும் சின்ன வெங்காயமும் பூண்டும் உரித்து, காய் நறுக்கி, டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைப்பார். நான் தேங்காய் துருவி வைத்துவிட்டு, கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை, வற்றல் மிளகாயை நல்லெண்ணெயில் தாளித்து ஒரு சின்னப் பாட்டிலில் ஊற்றி வைப்பேன். மறுநாள் கூட்டோ, பொரியலோ, சட்னியோ, அதில் ஒரு ஸ்பூன். மொறுமொறுப்பு இருக்காது. வாசம் இருக்கும்.

பூண்டுக் குழம்பை ஞாயிற்றுக்கிழமை காய்ச்சிவிடுவேன். புளியும் நல்லெண்ணெயும் தாராளமாகப் போனால் மூன்று நாள் ருசி ஏறிக்கொண்டேதான் போகும். இட்லி மாவுக்கு அரிசி நான்கு, உளுந்து ஒன்று. பச்சைப்பயறு சுண்டல், கொள்ளு ரசம், தட்டாம்பயறு குழம்பு என்று தினம் ஒரு பயறு வந்துவிட வேண்டும் என்பது மட்டும் எனக்கு நானே போட்டுக்கொண்ட கணக்கு. நிலக்கடலைப் பாலில் மிளகாய்க் காம்பு போட்டுத் தயிர் உறைய வைப்பது எனக்குப் பிடித்த வேலை, ஆனால் இந்த ஆறு மாதம் அதை எடுத்து வைத்துவிட்டேன். தயிர் இல்லாமலே சாப்பாடு முடியும்.

சொதியை மட்டும் விட மனசு வரவில்லை. எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கும் குழம்பு அது. பாசிப்பருப்பு, முருங்கைக்காய், கேரட், பீன்ஸ், தேங்காய்ப் பால், இஞ்சி, பச்சைமிளகாய், எலுமிச்சை. ஒரு சொட்டு மாட்டுப்பால் இல்லாமல், விருந்தில் முதல் இடத்தில் உட்கார்கிற குழம்பு. முறைப்படி மூன்று பால் எடுக்க வேண்டும். நான் மிக்ஸியை ஒரே தடவைதான் ஓட்டுவேன், அந்தச் சத்தத்துக்கு அவள் எழுந்துவிடுவாள். அதனால் அவள் விழித்து விளையாடும் நேரத்தில் தேங்காயை அரைத்து, கெட்டிப் பாலைத் தனியாகப் பிழிந்து வைத்துவிட்டு, சக்கையில் வெந்நீர் ஊற்றி மறுபடி பிழிவேன். அந்தத் தண்ணிப் பாலில் காயும் பருப்பும் இஞ்சி மிளகாய் விழுதும் குக்கரில் ஒரு விசில். திறந்து, கெட்டிப் பாலை விட்டு, நுரை கட்டியதும் அடுப்பை அணைத்துவிட வேண்டும். கொதித்தால் திரிந்துவிடும். எலுமிச்சையைக் கீழே இறக்கிய பிறகு பிழிய வேண்டும். நாற்பது நிமிடத்தில், நடுவில் ஒரு தடவை தூளி ஆட்டிவிட்டு வந்து, இதைச் செய்ய முடிந்த முதல் நாள் எனக்கு அழுகை வந்தது.

ராத்திரி இரண்டு மணிப் பசி என்று ஒன்று உண்டு. பால் கொடுத்து முடிக்கும்போது வயிறு காலியாகக் கூவும். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவில் எள்ளுருண்டையும் கோவில்பட்டிக் கடலை மிட்டாயும் வைத்திருப்பேன். கடலையும் வெல்லமும்தான். அந்த நேரத்தில் அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். கடையில் வாங்கும் மற்ற பாக்கெட்டுகளில் பால் பவுடர் எங்காவது ஒளிந்திருக்கும். பச்சை நிற வீகன் முத்திரை இருந்தால் நம்பி எடுப்பேன், இல்லையென்றால் பின்பக்கம் முழுவதும் படிப்பேன்.

இப்போது அவளுக்கு ஏழு மாதம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர வேறெதுவும் கொடுக்கவில்லை. பிறந்த அன்று நாக்கில் தேன் தொட்டுச் சேனை வைக்க ஒரு பெரியம்மா வந்தாள். ஒரு வயது வரை தேன் எந்தக் குழந்தைக்கும் ஆகாது, அதில் நச்சுக் கிருமியின் வித்து இருக்கலாம் என்று எடுத்துச் சொல்லித் தடுத்தோம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். தாய்ப்பால் போதாத நிலை வந்தால் தேங்காய்ப் பாலோ பாதாம் பாலோ அதற்கு ஈடாகாது. அதற்கென்று உள்ள ஃபார்முலாவை மருத்துவர் சொல்லி வாங்க வேண்டும். அதில் எந்தத் தாயும் தயங்கக் கூடாது.

போன வாரம் அம்மா பஸ்ஸில் பார்சல் போட்டுவிட்டாள். காந்திபுரத்தில் போய் வாங்கி வந்தார் அவர். கருப்பட்டி, உளுந்து மாவு, ஒரு எவர்சில்வர் டப்பாவில் லேகியம். மூடியில் ஒட்டிய காகிதத்தில் அம்மாவின் கையெழுத்து: "நல்லெண்ணெய். நெய் இல்லை. தேன் இல்லை." அடியில் இன்னொரு பொட்டலம், முளைகட்டிக் காயவைத்த கேழ்வரகு. கூடவே பழைய வேட்டியில் கிழித்து, வெளுத்துக் காயவைத்து நாலாக மடித்த துணி ஒன்று. ராகிப்பால் வடிகட்ட. மறுநாள் காலை கேழ்வரகை ஊறவைத்து அரைத்து, அந்தத் துணியில் ஊற்றிப் பிழிந்து, வந்த பாலைச் சின்னத் தீயில் கிண்டினேன். கூழாகி மினுமினுத்ததும் ஆற வைத்து முதல் ஸ்பூனைக் கொடுத்தேன். முகத்தைச் சுளித்தாள், துப்பினாள், அப்புறம் ஸ்பூனைப் பிடுங்கிக்கொண்டாள்.